மாடி வரைக்கும் எட்டுகிற வைஃபை ரவுட்டர் எது வாங்கலாம்? – கன்னங்குறிச்சி, 100 எம்பிபிஎஸ் பைபர்

கன்னங்குறிச்சி_டீச்சர்

வணக்கம். சேலம் கன்னங்குறிச்சியில் தரைத்தளமும் முதல் மாடியுமாகச் சொந்த வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், கான்கிரீட் தளம். பைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பிளான். கம்பெனிக்காரர்கள் கொடுத்த வெள்ளைப் பெட்டி வாசல் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. வைஃபையும் அதிலிருந்தே வருகிறது.

கீழே பெரிய குறை இல்லை. மகள் மாடியில் பின்பக்க அறையில் உட்கார்ந்து பெங்களூர் ஆபீஸ் வேலை பார்க்கிறாள். மீட்டிங் நடுவில் முகம் அப்படியே நின்றுவிடுகிறது, குரல் விட்டுவிட்டு வருகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் இன்னும் மோசம். கஸ்டமர் கேருக்கு போன் செய்தால், "நல்ல ரவுட்டரா ஒண்ணு வாங்கிப் போட்டுக்கோங்க மேடம்" என்கிறார்கள்.

கடையில் கேட்டால் 1,500 ரூபாயிலும் இருக்கிறது, 15,000 ரூபாயிலும் இருக்கிறது. எல்லாப் பெட்டி மேலும் 1200, 1500, 3000 என்று ஒரு பெரிய எண். நான் கணக்கு டீச்சர். எதை எதோடு கூட்டி இந்த எண்ணைப் போடுகிறார்கள் என்று யாராவது சொன்னால் தேவலை. 4,000 ரூபாய் வரை செலவழிக்கலாம். ஐந்து வருடமாவது தொந்தரவில்லாமல் ஓட வேண்டும்.

ஐந்துரோடு

டீச்சர், 4,000-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள். மூன்று பெட்டி சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்கிற மெஷ் செட் வாங்கிவிடுங்கள். கீழே ஒன்று, மாடிப்படியில் ஒன்று, மகள் அறையில் ஒன்று. வயர் இழுக்க வேண்டாம், சுவரைத் துளைக்க வேண்டாம். முடிந்தால் புதுத் தலைமுறையான வைஃபை 7 செட்டாகவே பாருங்கள், அடுத்த பத்து வருடத்துக்குக் கவலை இல்லை.

கேபிள்தம்பி

டீச்சரம்மா, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நான் சேலத்தில் பைபர் லைன் வேலை பார்க்கிறேன், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். புது ரவுட்டர் வாங்கிய வீடுகளில் பாதிக்குப் பாதி, அதே குறையோடு மறுபடியும் எங்களையே கூப்பிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வராத வீட்டில் புது பக்கெட் வாங்கி வைத்து என்ன பயன்?

மகளுடைய லேப்டாப்பைக் கீழே கொண்டு வாருங்கள். ஒரு லேன் வயரால் வெள்ளைப் பெட்டியில் நேராகச் செருகுங்கள். வைஃபையை லேப்டாப்பில் அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பகலில் ஒரு முறை, மாலை ஏழரைக்கு ஒரு முறை. வயரிலேயே மாலையில் வேகம் படுத்துவிட்டால் அது வெளியே லைனில் இருக்கிற நெரிசல். லட்ச ரூபாய் ரவுட்டராலும் அதைச் சரிசெய்ய முடியாது. கம்பெனியிடம்தான் சண்டை போட வேண்டும், இல்லை கம்பெனியை மாற்ற வேண்டும். வயரில் நன்றாக இருந்து வைஃபையில் மட்டும் விழுந்தால் அப்புறம் ரவுட்டர் பேச்சை எடுக்கலாம்.

கூடவே பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பான் என்கிற விளக்கு பச்சையில் நிலையாக நிற்க வேண்டும். எல்ஓஎஸ் என்கிற விளக்கு சிவப்பில் மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை, பைபரில் கோளாறு. மஞ்சளோ வெள்ளையோ மெல்லிய பைபர் வயரை ஆணியில் சுற்றி மடக்கிக் கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மடங்கிய இடத்தில் வெளிச்சம் கசியும். பெட்டியின் செட்டிங் பக்கத்தை லேப்டாப்பில் திறந்தால், வருகிற வெளிச்சத்தின் அளவை டிபிஎம் என்கிற அலகில் காட்டும். மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் மழை நாளில் எப்போது அறுந்து போகும் என்று சொல்ல முடியாது.

கன்னங்குறிச்சி_டீச்சர்

நன்றி தம்பி. சொன்னபடி செய்து, நோட்டில் எழுதி வைத்தேன். வயரில் பகலில் 94, மாலை ஏழரைக்கு 91. கீழ் ஹாலில் வைஃபையில் 38. மாடியில் மகள் அறையில் பகலில் 6, மாலையில் 2, சில நேரம் பக்கமே திறக்கவில்லை. பான் பச்சை, எல்ஓஎஸ் எரியவில்லை. பைபர் வயர் ஆணியில் சுற்றவில்லை, ஆனால் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது, எடுத்து விட்டேன். டிபிஎம் மைனஸ் 21.

ஒரு சந்தேகம். 100 பிளானுக்கு ஏன் 94-லேயே நிற்கிறது? எத்தனை தடவை போட்டாலும் 94-ஐத் தாண்டவில்லை.

கேபிள்தம்பி

கணக்கு டீச்சர் என்பது தெரிகிறது. லைன் சுத்தம். உங்கள் பிரச்சினை முழுக்க வைஃபைதான்.

94-ல் போய் முட்டிக்கொண்டு நிற்பது ஒரு நல்ல அடையாளம். 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டில் நடைமுறையில் கிடைக்கிற உச்சமே அவ்வளவுதான். நாங்கள் மாட்டுகிற பல பெட்டிகளில் இரண்டு லேன் போர்ட் இருக்கும், ஒன்று கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்), இன்னொன்று வெறும் 100. நீங்கள் இரண்டாவதில் செருகியிருப்பீர்கள். முதல் போர்ட்டில் போட்டும் அதே 94 வந்தால் வயரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டுக் கம்பியும் வேலை செய்தால்தான் கிகாபிட், நான்கு மட்டும் சேர்ந்திருந்தால் 100-க்கு இறங்கிவிடும். இன்றைக்கு உங்கள் பிளானுக்கு இதனால் நஷ்டம் இல்லை. நாளைக்கு 200, 300 என்று மாற்றினால் அப்போது கடிக்கும்.

இப்போது அந்தப் பெரிய எண். ஏசி, ஏஎக்ஸ் என்பது வைஃபை தலைமுறை: ஏசி வைஃபை 5, ஏஎக்ஸ் வைஃபை 6. ஏசி1200 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867, கூட்டி முழுமையாக்கி 1200. ஏஎக்ஸ்1500 என்றால் 300-உம் 1201-உம். ஏஎக்ஸ்3000 என்றால் 574-உம் 2402-உம். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு அலைவரிசையில்தான் இருக்கும், அதனால் இந்தக் கூட்டுத்தொகை எந்த ஒரு கருவிக்கும் கிடைக்காது. அந்த 867-உம் காற்றில் பேசிக்கொள்கிற உச்ச வேகம். பக்கத்திலேயே உட்கார்ந்து இழுத்தால் 500 சொச்சம் வரும், சுவர் தாண்டினால் இன்னும் குறையும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு இவற்றில் எதுவுமே அதிகம்தான்.

எண்ணைவிட முக்கியம் பின்பக்கத்தில் இருக்கிற போர்ட். டிபி-லிங்க்கிலேயே ஆர்ச்சர் சி50-உம் ஏசி1200-தான், ஆர்ச்சர் சி6-உம் ஏசி1200-தான். சி50-இல் போர்ட்டெல்லாம் 100, சி6-இல் கிகாபிட். பெட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

ஐந்துரோடு

அதெல்லாம் சரி தம்பி. ஆனால் மாடிக்கு எட்டவில்லை என்பதுதானே கேள்வி? அதற்கு மெஷ்தானே பதில்?

கேபிள்தம்பி

மெஷ் கெட்டது என்று சொல்லவில்லை அண்ணா. வயர் இல்லாத மெஷ்ஷில் இரண்டாவது பெட்டி முதல் பெட்டியிடமிருந்து காற்றில் வாங்கி, காற்றிலேயே திருப்பிக் கொடுக்கிறது. இரண்டே அலைவரிசை உள்ள மலிவான செட்டில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே பாதையில் நடப்பதால் வேகம் பாதியாகும். மூன்றாவது பெட்டிக்குப் போகும்போது இன்னும் குறையும். டீச்சர் வீட்டில் நடுவில் நிற்பது கம்பி போட்ட கான்கிரீட் தளம். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலேயே சிக்னல் இளைத்துவிட்டால் மகளுக்கு என்ன மிஞ்சும்?

மாடிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் 15,000 ரூபாய் மெஷ் செய்கிற வேலையை 3,000 ரூபாய் ரவுட்டர் செய்துவிடும்.

வைஃபை 7 பற்றி: மகள் லேப்டாப்பும் போனும் வைஃபை 7 இல்லாமல் ரவுட்டர் மட்டும் வைஃபை 7 ஆக இருந்து பயனில்லை. இன்றைக்குப் புதிதாக வாங்கினால் வைஃபை 6 போதும். வீட்டில் டிவி, போன்கள், கேமரா, லேப்டாப் என்று நிறையக் கருவிகள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அது கொஞ்சம் நன்றாகச் சமாளிக்கும்.

கன்னங்குறிச்சி_டீச்சர்

வயர் இழுப்பதென்றால் சுவரைக் கொத்த வேண்டுமா? போன வருடம்தான் பெயிண்ட் அடித்தோம்.

கேபிள்தம்பி

கொத்த வேண்டியதில்லை. பழைய கேபிள் டிவி வயர் மாடிக்குப் போன ஓட்டை இருக்கும், அதிலேயே விடலாம். இல்லை, வெளிச்சுவர் ஓரமாக பைப்பில் விட்டு மாடி ஜன்னல் சட்டம் வழியாக உள்ளே எடுக்கலாம். வெயில் படுகிற இடம் என்றால் வெளியில் போடுகிற கறுப்பு உறை வயராக வாங்குங்கள். உள் வயரின் உறை நம்மூர் வெயிலில் சீக்கிரம் பொடிப்பொடியாகிவிடும்.

வயர் வாங்கும்போது கேட்6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசி, அதே விலைக்குக் கொஞ்சம் கம்மியாகத் தள்ளிவிடுவார்கள். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரவுட்டரை மகள் அறைக்குள் ஒளித்து வைக்காமல் மாடி ஹாலில் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். மைக்ரோவேவும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே வேலை செய்கிறது, ஓடும்போது அந்த அலைவரிசையில் வைஃபை தள்ளாடும். ஆன்டெனா நேராக நின்றால் சிக்னல் பக்கவாட்டில்தான் பரவும், நேர் மேலேயும் கீழேயும் குறைவு. ஆன்டெனா எட்டு இருந்தால் எட்டூருக்குக் கேட்கும் என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். எண்ணிக்கை கூடினால் தூரம் கூடாது, சக்திக்கு அரசாங்கம் வைத்த வரம்பு எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான்.

மாலையில் மோசமாவதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். உங்கள் வெள்ளைப் பெட்டியில் 2.4 மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல் மூன்றே மூன்று: 1, 6, 11. தெருவில் இருபது வீடு, எல்லாரும் ஏழு மணிக்கு டிவி போடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் நிறைய, பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்து சேர்வதும் குறைவு. அதனால் மாடியில் ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரவுட்டர் வந்தாலே மாலைப் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

காப்பிமலை

நடுவில் புகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் தோட்டம். பழைய பங்களா, கல் சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. ஒரு அறையில் ரவுட்டர், அடுத்த அறையில் சிக்னல் கிடையாது. விருந்தினருக்கு விடுகிற அறைகள் பங்களாவிலிருந்து சுமார் 150 மீட்டர் தள்ளி, நடுவில் சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும். வருகிறவர்கள் அறைச் சாவியை வாங்குவதற்கு முன்பே வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள்.

அங்கே லேன் வயர் இழுத்திருந்தேன். சித்திரை மாதத்து இடியில் ரவுட்டரின் லேன் போர்ட் செத்துவிடுகிறது. சில சமயம் அறைப் பக்கத்து ரவுட்டரும் சேர்ந்து போகிறது. எந்த பிராண்ட் மாற்றினாலும் இதே கதை. இடி தாங்குகிற ரவுட்டர் என்று ஏதாவது இருக்கிறதா?

ஐந்துரோடு

சார், இதற்கு வெளியில் வைக்கிற 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் பாருங்கள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் நேருக்கு நேர் திருப்பி வைத்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும். 2018-க்கு அப்புறம் சக்தி வரம்புக்குள் இருந்தால் வெளியில் வைக்கவும் லைசென்ஸ் வேண்டாம்.

காப்பிமலை

பார்த்தாயிற்று தம்பி. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார். மூடுபனி இறங்கினால் அவருக்கு அறுந்துவிடுகிறது.

கேபிள்தம்பி

மூடுபனி காரணம் இல்லை சார். 5 கிகாஹெர்ட்ஸை மூடுபனி பெரிதாகத் தடுக்காது. பனியோடு சேர்ந்து இலையெல்லாம் நனைகிறது பாருங்கள், அந்த ஈர இலைதான் குடிக்கிறது. கோடையில் காய்ந்த மரம் வழியாக ஓடுகிற பிரிட்ஜ் ஐப்பசியில் படுத்துவிடும். மரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் கம்பம் நட்டு நேர் பார்வை கிடைத்தால் பிரிட்ஜ் அருமை. அப்படி நட்ட இரும்புக் கம்பமே இடிக்கு அழைப்பு, அதையும் யோசியுங்கள்.

இடி தாங்குகிற ரவுட்டர் என்று எதுவும் இல்லை. உங்கள் பிரச்சினை ரவுட்டரும் இல்லை, அந்த லேன் வயர்தான். இரண்டு கட்டடத்துக்கு நடுவில் வெட்டவெளியில் செம்பு ஓடுகிறது. இடி வயர் மேல் விழ வேண்டும் என்று அவசியமில்லை, பக்கத்தில் எங்கோ இறங்கினாலும் அந்த நீளமான செம்பில் மின்சாரம் தூண்டப்பட்டு இரண்டு முனையிலும் பாயும். அதனால்தான் இரண்டு பக்கத்து ரவுட்டரும் சேர்ந்து போகிறது. தவிர லேன் வயரின் எல்லையே 100 மீட்டர். 150 மீட்டரில் அது ஓடிக்கொண்டிருந்ததே உங்கள் அதிர்ஷ்டம்.

செம்பை எடுத்துவிட்டு பைபர் போடுங்கள். சிங்கிள் மோடு டிராப் கேபிள், இரண்டு முனையிலும் வெளிச்சத்தை லேன் சிக்னலாகவும் திருப்பியும் மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்று. 150 மீட்டர் அதற்கு ஒன்றுமே இல்லை, கிலோமீட்டர் கணக்கில் போகிற சாமான் அது. கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. ஒன்றே ஒன்று: டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஒரு ஸ்டீல் கம்பி சேர்ந்து வரும். அந்தக் கம்பியை வீட்டுச் சுவர் வரைக்கும்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பெட்டி வரைக்கும் உள்ளே கொண்டு போகக் கூடாது. கம்பிக்குப் பதில் நார் வைத்த கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

மிச்சம் இருப்பது கரண்ட் வழியாக வருகிற இடி. சர்ஜ் புரொடக்டர் வாங்கி மாட்டினால் போதாது, எர்த் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். மலையில் அடியில் பாறை, மேலே ஒரு அடி மண். கோடையில் அந்த மண்ணும் காய்ந்து எர்த்தே இல்லாத மாதிரி ஆகிவிடும். எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டு ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அப்புறம், இடி உறுமத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட மேலான பாதுகாப்பு இன்னும் கடைக்கு வரவில்லை.

பங்களாவுக்குள்ளே அந்தக் கல் சுவருக்கு அறைக்கு அறை வயர் இழுத்துச் சின்னச் சின்ன ஆக்சஸ் பாயிண்ட் (வயரில் வருவதை வைஃபையாகக் கொடுக்கிற பெட்டி) வைப்பதுதான் வழி. மரக்கதவுக்கு மேலே ஓட்டு இடைவெளியில் வயர் போகும். மெஷ் அங்கே காசுக்குக் கேடு.

வெள்ளிக்கொலுசு

பைபர், செம்பு எல்லாம் சரி. கரண்ட் போனால் என்ன செய்வது என்று யாருமே பேசவில்லையே? செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கடையில் கரண்ட் போனால் யுபிஐ இல்லை, கேமரா இல்லை. இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து மறுபடி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ரவுட்டருக்கென்று விற்கிற மினி யுபிஎஸ் ஒன்று பார்த்தேன். 8,000 எம்ஏஎச், ஆறு மணி நேரம் தாங்கும் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

கன்னங்குறிச்சி_டீச்சர்

கணக்கு என்றால் நான் வருகிறேன். 8,000 எம்ஏஎச் என்பது உள்ளே இருக்கிற பேட்டரியின் 3.7 வோல்ட்டில் சொல்கிற கணக்கு. பெருக்கினால் 29.6 வாட்-அவர். 12 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது கொஞ்சம் வீணாகும், 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பைபர் பெட்டி 6 வாட், ரவுட்டர் 8 வாட் இழுத்தால் மொத்தம் 14. இருபத்தைந்தைப் பதினான்கால் வகுத்தால் இரண்டு மணி நேரம்கூட இல்லை. பைபர் பெட்டியை மட்டும் போட்டால் நான்கு மணி நேரம் வரலாம். ஆறு மணி நேரம் எந்தக் கணக்கில் வருகிறது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கொலுசு

டீச்சரம்மா, உங்களிடம் படித்திருந்தால் நான் கணக்கில் பாஸாகியிருப்பேன்.

கேபிள்தம்பி

டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு. வாங்குவதற்கு முன்னால் உங்கள் இரண்டு பெட்டியின் அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், ஆனால் 9 வோல்ட் பெட்டியும் உண்டு. அதில் 12-ஐச் செருகினால் கதை முடிந்தது. ஆம்பியரும் பாருங்கள்: பெட்டி 2 ஆம்பியர் கேட்டு யுபிஎஸ் 1 ஆம்பியர்தான் கொடுக்கும் என்றால் வைஃபை போட்டவுடன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். "ரவுட்டர் அடிக்கடி அணைகிறது" என்று கூப்பிடுகிற வீடுகளில் பல தடவை வயதான அடாப்டர்தான் குற்றவாளி. 250 ரூபாய் அடாப்டர் மாற்றினால் பழைய ரவுட்டர் இன்னும் சில வருடம் ஓடும். அடாப்டர் மேல் பிஐஎஸ் பதிவு எண் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யுபிஎஸ், இகோ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கலாம். இகோவில் இருந்தால் மாறுவதற்கு நேரம் எடுக்கும், அதற்குள் ரவுட்டர் அணைந்துவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள், மினி யுபிஎஸ் செலவே மிச்சமாகலாம்.

வெள்ளிக்கொலுசு

தள்ளினேன். இப்போது கரண்ட் போனது கேமராவில் விளக்கு அணைந்ததைப் பார்த்துத்தான் தெரிகிறது. இன்னொன்று தம்பி. வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்க்க, ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு வழியை (போர்ட்) திறந்து விட வேண்டும் என்று கேமரா போட்டவர் சொல்கிறார்.

கேபிள்தம்பி

திறக்காதீர்கள். முதல் காரணம், இப்போது பல கம்பெனிகள் ஒரே பொது ஐபியை (இணைய முகவரியை) பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. நீங்கள் திறந்தாலும் வெளியிலிருந்து வந்து சேராது. இரண்டாவது, வந்து சேர்ந்தால் இன்னும் ஆபத்து. 2016-இல் மிராய் என்று ஒரு வைரஸ் லட்சக்கணக்கான கேமராப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கம்பெனி வைத்து அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழி. வெள்ளிக் கடையின் கேமராவை ஊருக்குத் திறந்து வைக்க வேண்டுமா? கேமராக் கம்பெனியின் ஆப் வழியாகவே பாருங்கள். கேமராப் பெட்டி, ரவுட்டர் இரண்டிலும் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கிற டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள்.

ஐந்துரோடு

அப்படியானால் ரவுட்டர் வாங்கும்போதே சாஃப்ட்வேர் அப்டேட் தருகிற கம்பெனியா என்று பார்க்க வேண்டும், இல்லையா? ஐந்து வருடம் ஓட வேண்டும் என்று டீச்சர் கேட்டாரே.

கேபிள்தம்பி

மிகச் சரி அண்ணா. கம்பெனி வலைத்தளத்தில் அந்த மாடலைத் தேடி, கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடுகிற சாஃப்ட்வேர்) எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடமாக ஒன்றும் வரவில்லை என்றால் கடையில் புதிதாக இருந்தாலும் அது கம்பெனி கைவிட்ட சாமான். ஒரே மாடல் பெயரில் வி2, வி3 என்று உள்ளே வேறு வேறு சர்க்யூட் இருக்கும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். உங்கள் வி எண்ணுக்கு உரிய ஃபர்ம்வேரைத்தான் போட வேண்டும். ஜிஎஸ்டி பில் வாங்காமல் வந்துவிடாதீர்கள், வாரன்டிக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கன்னங்குறிச்சி_டீச்சர்

கடைசியாக ஒரு குழப்பம். புது ரவுட்டர் வந்தால் வெள்ளைப் பெட்டியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடலாமா? இல்லை, இரண்டும் இருக்க வேண்டுமா?

கேபிள்தம்பி

வெள்ளைப் பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். பைபரில் வருகிற வெளிச்சத்தை லேன் சிக்னலாக மாற்றுவது அது. அதன் சீரியல் எண் எங்கள் பக்கத்து மெஷினில் பதிவாகியிருக்கும், கடையில் வாங்கிய சாதாரண ரவுட்டரில் பைபரைச் செருக இடமே இருக்காது. உங்கள் ரவுட்டர் அதற்குப் பின்னால் வரும். வெள்ளைப் பெட்டியின் கிகாபிட் போர்ட்டிலிருந்து கேட்6 மாடிக்கு, அங்கே ரவுட்டர். செட்டிங்கில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

ஐந்துரோடு

இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெள்ளைப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (வந்ததை அப்படியே கடத்திவிடுகிற மோடு) போடச் சொல்லி, பிபிபிஓஇ என்கிற இணைப்பு லாகினுக்கான யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் வாங்கி நம் ரவுட்டரில் போட வேண்டும். அப்போதுதான் எல்லாம் நம் கையில் இருக்கும். குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு, எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்கிற கணக்கு, எல்லாம் கிடைக்கும். ஆக்சஸ் பாயிண்ட் மோடில் பாதி வசதி போய்விடும்.

கேபிள்தம்பி

உங்களை மாதிரி தெரிந்தவர்களுக்கு அதுதான் நல்லது அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி பிரிட்ஜ் மோடு கொடுக்க வேண்டும், தங்கள் லைனுக்கான விலேன் எண்ணைச் சொல்ல வேண்டும், நாளைக்கு லைன் போனால் "எங்கள் பெட்டியில் குறை இல்லை, உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்" என்று போனை வைத்துவிடாமல் இருக்க வேண்டும். எங்கள் ஆட்களே அப்படிச் சொல்வார்கள், எனக்குத் தெரியும். டீச்சர் வீட்டில் குழந்தைகள் இல்லை, மீட்டிங் ஓடினால் போதும். ஆக்சஸ் பாயிண்ட் மோடில் உடைவதற்கு ஒன்றும் இல்லை.

கன்னங்குறிச்சி_டீச்சர்

முடித்தாயிற்று. கிகாபிட் போர்ட் உள்ள ஏஎக்ஸ்1500 வைஃபை 6 ரவுட்டர் ஒன்று வாங்கினேன், வயர், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 4,000-ஐக் கொஞ்சம் தாண்டியது. பழைய டிவி வயர் ஓட்டை வழியாகவே மாடிக்கு வந்துவிட்டது, பெயிண்டுக்குச் சேதமில்லை. கீழே சேனல் 1, மேலே 11, பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றே. மகள் அறையில் மாலை எட்டு மணிக்கு 5 கிகாஹெர்ட்ஸில் 97. வெள்ளைப் பெட்டியின் முதல் போர்ட்டில் செருகியதில் அந்த 94-உம் போய்விட்டது. வைஃபை பல்பு ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது, அது 2.4-ஐத் தவிர வேறு எதையும் பிடிக்காதாம். கீழே இருக்கிற பெட்டியோடு சேர்த்துவிட்டோம்.

காப்பிமலை

டிராப் கேபிள் சொல்லியாயிற்று, இந்த வாரம் வருகிறது. எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தால் உள்ளே கம்பியே துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது. எந்தக் காலத்தில் போட்டதோ.

அம்மாப்பேட்டை_தறி

அண்ணா, எல்லாவற்றையும் படித்தேன். புது ரவுட்டர் வாங்குகிற நிலையில் இப்போது நான் இல்லை. மாமா வீட்டில் மாற்றியபோது கழற்றிப் போட்ட பழைய ரவுட்டர் ஒன்று இருக்கிறது, இரண்டு ஆன்டெனா, 300 என்று எழுதியிருக்கிறது. ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று எதுவும் அதில் இல்லை. தறி போட்ட கொட்டகைக்கு வைஃபை வேண்டும், டிசைன் படம் போனில் வருவதற்குத்தான். அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கேபிள்தம்பி

தாராளமாகச் செய்யலாம் தம்பி. பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியால் பத்து நொடி அழுத்தி ரீசெட் செய். மாமா வீட்டு யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் அதில் அழிந்துவிடும். கழற்றிய பெட்டியை யாருக்குக் கொடுத்தாலும் இதைச் செய்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், மாமாவிடமும் சொல்லிவை.

அப்புறம் உன் போனில் அந்த ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து, பிரவுசரில் அதன் செட்டிங் பக்கத்துக்குள் போ. அட்மின் பாஸ்வேர்டை மாற்று. வைஃபைக்கு டபிள்யூபிஏ2 பாதுகாப்பு வைத்துப் பெயரும் பாஸ்வேர்டும் கொடு. லேன் ஐபியை (பெட்டியின் முகவரி எண்) வீட்டுப் பெட்டியோடு மோதாத மாதிரி மாற்ற வேண்டும், வீட்டுப் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.250 வைக்கலாம். கடைசியாக, கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியை அணைத்துவிடு, இரண்டு பெட்டியும் முகவரி கொடுத்தால் குழப்பம். வீட்டுப் பெட்டியிலிருந்து வருகிற வயரை இணையம் உள்ளே வருவதற்கென்று இருக்கிற நீல நிற வேன் போர்ட்டில் செருகாமல், மற்ற லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தவறுவார்கள்.

கொட்டகை வீட்டை ஒட்டியே இருக்கிறதா, தனியாக இருக்கிறதா? தனியாக இருந்து வயர் வெட்டவெளியில் போகிறதென்றால் மேலே ஏற்காட்டு சாருக்கு எழுதியதைப் படித்துவிட்டு வா.

அம்மாப்பேட்டை_தறி

ஒட்டியேதான் இருக்கிறது அண்ணா, நடுவில் ஒரு சுவர்தான். வயர் மாமாவிடமே இருக்கிறது. பிளேடால் சுரண்டிப் பார்த்துவிட்டேன், செம்புதான்.